இடது பக்கத்துச் சத்தங்கள்

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரம் ஆகிவிட்டது.

அதுவரை இருவரும் ஒரே பட்டறையில், ஒரே வண்டிக்கு அடியில் படுத்து, ஒரே டப்பாவிலிருந்து கிரீஸ் எடுத்துப் பூசிக்கொண்டிருந்தவர்கள். இப்போது தெருவுக்கு இந்தப் பக்கம் அண்ணன். எதிர்ப்பக்கத்துத் தகரக் கொட்டகையில் தம்பி. பிரியும்போது பெரிய ஜாக்கி அண்ணனிடம் தங்கிவிட்டது, கம்ப்ரசர் தம்பியோடு போய்விட்டது. அதனால் அண்ணன் காலால் மிதிக்கிற பம்ப்பை வைத்து வேன் டயருக்குக் காற்று ஏற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தம்பியிடம் காற்றுக்குப் பஞ்சமில்லை, வண்டியைத் தூக்கத்தான் வழியில்லை. ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும். யார் முதலில் திறப்பது என்பதில்தான் எல்லாமே நின்றது.

சண்டை ஆரம்பித்தது ஒரு பள்ளிக்கூட வேனால். அண்ணன் பார்த்துச் சரியென்று அனுப்பிய வேன், முதல் இறக்கத்திலேயே பிரேக் பிடிக்காமல் உருண்டது. டிரைவர் கைப்பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரத்தில் சக்கரத்தை உரசி, எப்படியோ நிறுத்திவிட்டார். நல்லவேளையாக வேனில் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கக்கூட வீட்டில் யாரும் துணியவில்லை.

"பின்சக்கரத்துல பிரேக் ஆயில் ஒழுகுது, வண்டியை விடாதேன்னு அப்பவே சொன்னேன்" என்றார் தம்பி.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார் அண்ணன்.

"சொன்னேன்!"

"சொல்லலை!"

தெருவில் பாதிப்பேர் அண்ணன் பக்கம், பாதிப்பேர் தம்பி பக்கம். இரண்டு பக்கமும் சேர முடியாமல் தவித்தது வண்டு ஒருத்திதான்.

வண்டு, அண்ணனின் ஒரே மகள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கேள்வி கேட்டே காதைக் குடைகிறாள் என்று சித்தப்பா வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கணக்கு உதைத்தது. அப்பா பொய் சொல்ல மாட்டார். சித்தப்பாவும் சொல்ல மாட்டார். பிறகு எப்படி ஒருவர் சொன்னது இன்னொருவரிடம் போய்ச் சேராமல் போகும்? நடுவில் எங்கே விழுந்தது அந்தப் பேச்சு?

கேட்டால், "பெரியவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதே" என்றாள் அம்மா.

மூக்கை நுழைக்க இந்த வாரம் வேறு விஷயங்கள் இருந்தன. அவள் வகுப்பறையின் கூரைப் பூச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் பெயர்ந்து விழுந்துவிட்டது. பழுது பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆகும் என்று பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் நாளுக்கு ஒரு வேலையாக வீட்டுப்பாடம் அனுப்பியிருந்தார். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற ரகம் இல்லை. அளந்து பார், உருக்கிப் பார், கேட்டுப் பார் என்கிற ரகம்.

திங்கட்கிழமை வீட்டை அளந்து படம் போட்டாள். கூடத்தைவிட அடுப்படி பெரியது என்று தெரியவந்தது. "அதான் எனக்கு வேலையும் பெரிசா இருக்கு" என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமை எந்தத் துணியில் சுற்றினால் ஐஸ்கட்டி மெதுவாகக் கரையும் என்ற ஆராய்ச்சி. அம்மா ஒரு மருத்துவமனைக்குச் சீருடை தைத்துக்கொடுப்பவள். வெட்டி வைத்திருந்த சட்டைக் கை ஒன்று ஐஸ்கட்டியோடு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்ததைப் பார்த்ததும், ஆராய்ச்சி அத்தோடு முடிவுக்கு வந்தது.

புதன்கிழமை வேலை வண்டுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சத்தங்களுக்கு ஒரு வரைபடம்!

தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதுதான் நீங்கள். கண்ணை மூடி உட்காருங்கள். ஒரு சத்தம் கேட்டதும், அது எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையில் குறித்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடுங்கள். வீட்டில் இன்னொருவரும் அதே இடத்தில், அதே நேரத்தில் தனியாகச் செய்யட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டீச்சர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அப்பா சாப்பிட வந்திருந்தார். கை கழுவி முடிப்பதற்குள் வண்டு தாளும் பென்சிலுமாக வழிமறித்தாள்.

"அப்பா, பத்தே நிமிஷம். நீங்க சும்மா உட்கார்ந்து கேட்டாப் போதும்."

"அம்மாவைக் கூப்பிடு."

"அம்மாவுக்கு அவசர வேலை. அதோட, கேட்கிறதுல உங்களை யாரும் மிஞ்ச முடியாதே!"

அது உண்மை. ஊரில் அப்பாவுக்கு 'டாக்டர்' என்றே பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. அந்த வேன் விஷயம் வரைக்கும்.

அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

ரயில் பெட்டிபோல ஒருவர் பின்னால் ஒருவராக, இரண்டு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இடதுபுறம் அம்மா தைக்கிற அறை. வலதுபுறம் அடுப்படி.

கண்ணை மூடியதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது வண்டுக்கு. இத்தனை சத்தங்கள் இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்தன? அடுப்படிக் குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. இடதுபுறத்து ஜன்னலில் புறா ஒன்று தொண்டைக்குள்ளேயே எதையோ முனகியது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கி, பாதியில் மனம் மாறி நிறுத்தியது. அம்மாவின் அறையில் கத்தரிக்கோல் கனமான துணியைக் கடித்துக்கொண்டு போனது. எதிர்க்கொட்டகையில் இரும்பின் மேல் சுத்தியல் விழுந்தது. சித்தப்பா! அதையும் மறக்காமல் குறித்தாள்.

"போதும்பா. கண்ணைத் திறங்க."

இரண்டு தாள்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடையதில் புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் எழுத்து. அப்பாவுடையதில் வலதுபக்கம் சந்தைக் கூட்டம்போல நெருக்கியடித்துக் கிடந்தது. இடதுபக்கத்தில் தாள் வெளுப்பாகவே இருந்தது. ஒரே ஒரு குறிப்பு, 'தையல் மெஷின்'.

வண்டுக்குக் கண் பளபளத்தது. இரண்டு பேர் பதிலும் ஒன்றாக இருந்தால் என்ன சுவாரசியம்?

"அப்பா, குழந்தை அழுததை அடுப்படிப் பக்கம் போட்டிருக்கீங்க."

"அங்கதானே அழுதுச்சு?"

"அங்க சுவருக்கு அந்தாண்ட காலி மனைப்பா. குழந்தை இந்தாண்ட வீட்டுல."

"ஏதோ ஒரு பக்கம். அழுததா இல்லையா?"

"புறாவைக் காணோமே?"

"எந்தப் புறா?"

"ஜன்னல்ல இவ்வளவு நேரம் கத்திச்சே, அது. சரி விடுங்க. மெஷின் மட்டும் சரியா இடதுபக்கம் போட்டிருக்கீங்க."

"பின்னே? அதான் கடகடன்னு ஓடிட்டே இருந்துச்சே" என்றார் அப்பா, கொஞ்சம் சத்தமாகவே.

வண்டு திரும்பி அறையைப் பார்த்தாள். அம்மா தரையில் துணியை விரித்துப்போட்டு முழங்கால் போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் மூலையில் நின்றது. காலையில் போட்ட உறையைக்கூட எடுக்கவில்லை.

"அப்பா... மெஷின் ஓடவே இல்லையே!"

அப்பா பென்சிலைத் தரையில் வைத்தார்.

ஐஸ்கட்டி ஏன் கரைகிறது என்று கேட்கிற அதே ஆவலோடு வண்டு கேட்டாள். "அப்பா, உங்களுக்கு இடதுபக்கம் கேட்கிறதே இல்லையா?"

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தாளைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாடம் படிடின்னா பெத்தவனையே பாடமாக்குறியா? போ, போய் வேற வேலை இருந்தாப் பாரு!" செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பட்டறைக்குப் போய்விட்டார்.

வண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் இருந்தது.

அறையில் கத்தரிக்கோல் நின்றுபோயிருந்தது. அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். கோபிப்பாள் என்றுதான் வண்டு நினைத்தாள். அம்மா குனிந்து அப்பாவின் தாளை எடுத்து, வெளுத்துக் கிடந்த இடத்தையே பார்த்தாள்.

"மெஷின் ஓடுதுன்னு சொன்னாரா?"

"ஆமாம்மா."

அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நான் பேசினா பாதி நேரம் பதிலே வராது. திமிருன்னு நினைச்சேன். ஒரு நாள் அழுதுட்டே என்னமோ சொல்றேன், மனுஷன் பாட்டுக்குச் செய்தி பார்த்துட்டு இருக்காரு. என்மேல மனசு விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்டி." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் எப்பவும் அவருக்கு இந்தப் பக்கம்தானே உட்காருவேன்."

இந்தப் பக்கம் என்று அவள் தட்டிக்காட்டியது தன் வலது தோளை. பக்கத்தில் உட்கார்ந்தால் அது அப்பாவின் இடது காதோடு இருக்கும் என்று வண்டு மனதுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை செஞ்சு பார்த்தாத்தான் நிச்சயம்னு சொல்லலாம்மா. டீச்சர் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு எதையும் முடிவு பண்ணக் கூடாதாம்."

வேறொரு நாளாக இருந்தால் அம்மா அதட்டியிருப்பாள். இன்று எழுந்துபோய் அலமாரியிலிருந்து சின்ன அலாரம் கடிகாரத்தை எடுத்துவந்து மகள் கையில் வைத்தாள். "கோபப்பட்டா ஓடி வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறையில் அப்பா பம்ப்பை மிதித்துக்கொண்டிருந்தார். டயரில் காற்று ஏறுவதாகத் தெரியவில்லை. கோபத்தை மிதிக்கிறார் என்று பட்டது. வண்டு வலதுபக்கமாகப் போய் நின்றாள்.

"அப்பா."

"என்ன?" அவர் திரும்பவில்லை.

ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்தாள். அதே தூரத்தில் நின்றாள். அதே குரலில் கூப்பிட்டாள்.

"அப்பா."

பம்ப் ஏறி இறங்கியது.

"அப்பா."

பம்ப் ஏறி இறங்கியது.

அவள் நினைத்தது சரிதான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிடாமல் ஓர் அடி பின்வாங்கினாள். அவள் அசைந்ததை ஓரக்கண்ணில் கண்டு அப்பாவே திரும்பினார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவர் கால் பம்ப்பின் மேலேயே நின்றுவிட்டது.

"எத்தனை தடவை கூப்பிட்டே?"

"ரெண்டு."

அப்பா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைக்கரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கையில என்ன, கடிகாரமா? கொண்டா. எப்படிச் செய்யணுமோ செய்" என்றார்.

வண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணை மூடிக்குங்க. நான் எப்ப வைக்கிறேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்களா ஊகிச்சிடுவீங்க. கேட்டா கையைத் தூக்குங்க."

வலது காதுக்கு ஒரு முழத் தூரத்தில் கடிகாரத்தைக் கொண்டுவரும்போதே அப்பாவின் கை மேலே போயிற்று. பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அப்போதும் தூக்கினார்.

இடதுபக்கம் வந்தாள். ஒரு முழம். கை முழங்கால் மேலேயே கிடந்தது. ஒரு சாண். நான்கு விரல். கடைசியில் காது மடலில் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டிக் டிக் என்று அவளுக்கே இடி மாதிரி கேட்டது.

அப்பா கண்ணை மூடியபடியே பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"இன்னும் வைக்கலையாம்மா?"

வண்டு கையைத் தாழ்த்தினாள். கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில், வலதுபக்கமாகவே உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் காலையில எழுந்தப்ப பஞ்சை வெச்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் அப்பா. "குளிச்ச தண்ணி போயிருக்கும்னு விட்டேன். அப்புறம் உள்ள கொய்யின்னு ஒரு சத்தம். தானா சரியாப் போயிடும்னு பார்த்தேன். போகலை."

"ஏன்பா யார்கிட்டயும் சொல்லலை?"

"காதை வெச்சுப் பிழைக்கிறவன், காது போச்சுன்னு ஊருக்குச் சொல்லிட்டு என்ன பண்ணுவான்? யாரு வண்டி விடுவா?"

வண்டிடம் இன்னொரு கேள்வி இருந்தது. மூன்று வாரமாக அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்குப் பக்கத்திலேயே அது நின்றது.

"அப்பா, அந்த வேன் வந்த அன்னிக்கு சித்தப்பா உங்களுக்கு எந்தப் பக்கம் நின்னாரு?"

அப்பா எழுந்துபோய், வேன் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்தார். சக்கரம் இருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் காற்றைத் தொட்டார். கம்ப்ரசர் அன்று இருந்த மூலையைப் பார்த்தார். அது வலதுபுறம். அன்று பெரும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி பின்சக்கரத்திலிருந்து எழுந்து வந்து நின்ற இடம்...

மெல்லத் தலையைத் திருப்பினார். இடது தோளுக்கு மேல்.

"அடப்பாவி" என்றார் மெதுவாக. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. "சொல்லியிருக்கான்."

அடுத்த நிமிடம் அவர் தெருவில் இருந்தார். வண்டு பின்னாலேயே ஓடினாள். அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

அண்ணன் கொட்டகைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் சித்தப்பாவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்போல. தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"நீ அன்னிக்குச் சொன்னே" என்றார் அப்பா.

"அதைத்தான் மூணு வாரமாச் சொல்றேன்."

"எனக்குக் கேட்கலை. நிஜமாவே கேட்கலைடா. இந்தக் காது போயிடுச்சு. இவதான் கண்டுபிடிச்சா."

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். வண்டைப் பார்த்தார். அவள் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைக்க இடம் தேடி, தேடி, கடைசியில் தரையில் வைத்தார்.

"நீ ஸ்க்ரூ டிரைவரை இடது காதுலதான் வைப்பே" என்றார். "கொஞ்ச நாளா வலது காதுக்கு மாத்திட்டே. பார்த்தேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன்."

"நீ கேட்டிருந்தா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அது தெரியும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வண்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நாளைக்கே காது டாக்டரிடம் போக வேண்டும் என்று தெருவைத் தாண்டியே குரல் கொடுத்தாள் அம்மா. "நாளைக்கே! இனிமே என் காதுல பூச்சுத்த முடியாது!"

சரி, முடிந்தது என்றுதான் வண்டு நினைத்தாள். ஆனால் சித்தப்பாவின் முகத்தில் சிரிப்பு தங்கவில்லை. கரித்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"அண்ணா, நான் அன்னிக்கு ரெண்டு விஷயம் சொன்னேன்."

"ரெண்டா?"

"பிரேக்கைப் பத்திச் சொன்னேன். நீ ஒண்ணும் பேசலை. வேலையில இருக்கே, பார்த்துப்பேன்னு நினைச்சேன். அப்புறம் அதே பக்கத்துல குந்தி உட்கார்ந்து இன்னொண்ணு கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"வெளியூர்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல வேலைக்குக் கூப்பிடுறாங்க. பட்டறையை விட்டுட்டுப் போகட்டுமா அண்ணான்னு கேட்டேன்."

அப்பா வலது காதைத் தம்பியின் பக்கம் திருப்பினார். "நான் என்னடா சொன்னேன்?"

"தலையை ஆட்டினே. நிமிர்ந்துகூடப் பார்க்கலை. சரி போ, அப்படின்ற மாதிரி ஆட்டிட்டு நட்டை முறுக்க ஆரம்பிச்சிட்டே." சித்தப்பா துணியை உதறினார். "அதுதான் அண்ணா எனக்குத் தாங்கலை. வேன் சண்டையெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. கூடவே வளர்ந்தவனை அனுப்பிவைக்க இவருக்கு ஒரு வார்த்தைகூடச் செலவாகலையேன்னு இருந்துச்சு."

"எனக்குக் கேட்காததுக்கெல்லாம் நான் தலையை ஆட்டிட்டுத்தான்டா இருக்கேன்" என்றார் அப்பா. "கடைக்காரன் கேட்டாலும் ஆட்டுறேன். உங்க அண்ணி கேட்டாலும் ஆட்டுறேன். ஆட்டலைன்னா தெரிஞ்சு போயிடுமேன்னு."

சித்தப்பா மெதுவாக நடந்து வந்தார். அண்ணனைச் சுற்றிக்கொண்டு, வலதுபக்கமாக வந்து நின்றார்.

"அந்த வேலைக்குப் போற வரைக்கும்தான் இந்தக் கொட்டகை. அப்ப இப்ப கேட்கிறேன். போகட்டுமா?"

வண்டு அப்பாவையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். போ என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தாள். அப்பா எதிரே இருந்த கம்ப்ரசரைப் பார்த்தார், தம்பியின் தோளைப் பார்த்தார்.

"இப்பவே சொன்னா ஒரு காதோட இருக்கிறவன் சொல்ற பதிலாயிடும்டா. என் கஷ்டத்துக்காக உன்னைப் பிடிச்சு வெச்சேன்னு ஆயிடக் கூடாது" என்றார். "ஒரு நாள் டைம் குடு. நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

சித்தப்பா கரித்துணியை நான்காக மடித்தார்.

"நாளைக்குக் காலையில எனக்கு பஸ், அண்ணா."